டம்மி வரி

எங்கள் தொழிலில் டம்மி என்று ஒன்று உண்டு. மெட்டு முந்திக்கொண்டு வந்துவிடும். அதற்கான சொல் வந்திருக்காது. ‘லலலா’ என்று பாடி வைத்தால் மறுநாள் மெட்டின் நெளிவு சுளிவெல்லாம் மறந்துபோகும். ஆகவே வாயில் வந்த எதையாவது போட்டுப் பாடி வைத்துக்கொள்வோம். மளிகைச் சாமான் சீட்டை அப்படியே பாடி வைத்திருக்கிறேன். கரண்ட் பில், பால் பாக்கெட், எதிர்வீட்டு நாய் எல்லாம் என் டம்மிகளில் உண்டு. உண்மையான வரி வந்ததும் டம்மியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும்.

போன மாதம் நாவலூரிலிருந்து திவ்யா என்ற பெண் என்னைப் பார்க்க வந்தாள். பகலில் ஐடி கம்பெனி வேலை. மற்ற நேரத்தில் தன் பாட்டைத் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுகிறாள். நான் இருபத்தைந்து வருடம் செய்த அதே வேலை. கைபேசியில் ஒரு செயலியைக் காட்டினாள். மெட்டை முணுமுணுத்தால் போதும், அதுவே வரி போட்டுப் பாடிக் காட்டுகிறது.

“இனிமே டம்மியே எழுத வேணாம் ஆன்ட்டி. நீங்கல்லாம் டம்மிக்கு என்ன பண்ணீங்க?” என்றாள்.

எனக்கு எதையும் நோண்டிப் பார்க்காவிட்டால் தூக்கம் வராது. செயலியை வாங்கி அரைமணி நேரம் முணுமுணுத்தேன். நிலா, கனவு, சிறகு, மழைத்துளி என்று அது பாட்டுக்குப் பாடியது. குரல்கூட நன்றாகத்தான் இருந்தது. அந்த வரிகள் யார் வாயிலிருந்தும் வந்தவை அல்ல, யாருக்கும் வலிக்காது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஏன் என்று திவ்யாவிடம் சொல்லவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

நான் பாட்டுக்கு வந்த கதை சின்னது. கிழக்குத் தாம்பரத்தில் வர்ணம் வரை கற்றேன்; டீச்சர் வீடு மாறிப் போனதும் சங்கீதமும் வீடு மாறிவிட்டது. கல்லூரி முடித்ததும் ஒரு மெல்லிசைக் குழுவில் இரண்டாவது பெண் குரலாக ஆறு வருடம். முதல் பெண் குரலுக்குத் தொண்டை கட்டினால்தான் எனக்கு நல்ல பாட்டு கிடைக்கும். சேலையூரில் ஒரு கல்யாண வரவேற்பில் கீபோர்டுக்காரர் சாப்பிடப் போன இடைவெளியில் நானே கட்டிய ஒரு பாட்டைப் பாடினேன். மண்டபத்தில் ஒருவரும் திரும்பவில்லை. சமையல்காரர் மட்டும் கரண்டியோடு வெளியே வந்து கடைசிவரை நின்று கேட்டார்.

“இது எந்தப் படம்மா?”

“எந்தப் படமும் இல்லண்ணா. நானே எழுதினது.”

அவர் முகம் வாடிவிட்டது. “படமே இல்லாம எதுக்கும்மா பாட்டு?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் சொந்தப் பாட்டு பாடுகிறவர்கள் எல்லோரும் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டுதான் வாழ வேண்டும். எனக்கு அவர் முகம் வாடியதைவிட, அதற்கு முன் கரண்டியில் குழம்பு சொட்டச் சொட்ட நின்றாரே, அது பிடித்துப்போயிற்று. அடுத்த மாதமே குழுவை விட்டுவிட்டேன். வங்கியில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், “சரி, ஆனா எங்க அப்பா கேட்டா டியூஷன் எடுக்கிறதா சொல்லு” என்றார். மாமனார் கடைசிவரை நான் கணக்கு டீச்சர் என்றே நம்பினார்.

பதிவு செய்வதற்குக் குரோம்பேட்டையில் ஸ்டீபன் சாரின் அறை. சார் என்கிறேனே தவிர, என்னைவிட நான்கு வயது சின்னவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். இரண்டு பேரும் கடைசிவரை மாற்றிக்கொள்ளவில்லை. அறைக்குக் கீழே மாவு மில். மில் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் நிற்கும். அந்த இரண்டு மணி நேரத்துக்குள் மின்விசிறியை அணைத்து, ஜன்னலில் பழைய மெத்தையைச் சாத்தி, வியர்வை ஒழுகப் பாட வேண்டும். தாமதமானால் கடைசிச் சரணத்தில் யாருடைய கேழ்வரகாவது சேர்ந்து அரைபடும்.

ஸ்டீபன் சார் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று ஒருநாளும் சொன்னதில்லை. முதலில் டம்மியைப் பாடச் சொல்வார். அதைத் தனித் தடத்தில், அதாவது ட்ராக்கில், வைத்து, நோட்டில் சிவப்பு மையால் ‘டம்மி’ என்று எழுதுவார். அதன் மேல் கிடார், தபலா எல்லாம் வாசித்து முடிந்த பிறகு உண்மையான வரிகள். அப்போதுதான் தகராறு. ஒவ்வொரு வரியாக நிறுத்துவார். கண்ணை மூடிக்கொள்வார்.

“இதை யாரு, யார்கிட்ட சொல்றாங்க அக்கா?”

“பொதுவா சொல்றதுதான் சார்.”

“பொதுவா யாரும் பேசுறதில்லயே அக்கா. யாரு? அம்மாவா? ட்ரெயினுக்கு நிக்கிறவளா? யார்கிட்ட?”

பதில் வராவிட்டால் அந்த வரி அன்றைக்குப் பதிவாகாது. மில் ஓட ஆரம்பித்துவிடும், நான் பேருந்து பிடித்து வீட்டுக்கு வருவேன். நீல மையால் ‘ஒரிஜினல்’ என்று அவர் எழுதும் நாளில் எனக்கு ஒரு கிலோ குறைந்திருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பயந்துதான் ஆட்களிடம் போய்ப் பேச ஆரம்பித்தேன். பொதுவாக யாரும் பேசுவதில்லை என்றால், குறிப்பாக என்ன பேசுகிறார்கள் என்று கேட்டுவிடலாமே. பூ கட்டுகிறவர், டிக்கெட் பரிசோதகர், கல்யாணப் புரோக்கர் என்று யாரையும் விட்டதில்லை. “அப்புறம்?” என்பேன். பெரும்பாலும் அந்த ஒரு சொல் போதும். நல்ல வாக்கியம் ஒன்று விழுந்ததும் அதை மெட்டில் போட்டுப் பாடி வைத்துக்கொள்வேன், டம்மியாக. பிறகு அதிலிருந்து விலகி, ஆளை மாற்றி, ஊரை மாற்றி, என் வரியை எழுதுவேன். பேசியவர்கள் தங்கள் பேச்சை அதில் கண்டுபிடிக்க முடியாது. அது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு, அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

பிழைப்புக்குக் கடை திறப்பு விளம்பரங்கள், பள்ளி ஆண்டுவிழாப் பாட்டுகள். நாவலூரில் ஓர் அடுக்குமாடிச் சங்கம் தங்களுக்கென்று பாட்டு கேட்டது. கமிட்டி உட்கார்ந்து வரிக்கு வரி விவாதித்தது. பாட்டு முடிந்து கைதட்டல் எழுந்தபோது ஒருவர் எழுந்து, “எஃப் பிளாக் பேரே வரல மேடம். நாங்கல்லாம் மெயின்டனன்ஸ் கட்டலையா?” என்றார். ஏ முதல் எஃப் வரை ஆறு பிளாக்கையும் பல்லவியில் நுழைத்துக் கொடுத்தேன். இன்றைக்கும் அங்கே பொங்கலுக்கு அதைத்தான் பாடுகிறார்களாம்.

இப்படியே காலம் போயிற்று. ஸ்டீபன் சார் அறையைக் காலி செய்துகொண்டு மகளோடு இருக்கப் போய்விட்டார். நானும் மடிக்கணினி வாங்கி, வீட்டிலேயே பதிவு செய்யப் பழகினேன். முன்பெல்லாம் ஒரு பாட்டு வெளியே போவதற்கு நாலு பேர் கை பட வேண்டும். இப்போது என் ஒரு விரல் போதும் என்று ஆயிற்று. சிவப்பு மை, நீல மை எல்லாம் போய், கணினியில் ‘சதுப்பு 3’, ‘சதுப்பு 3ஏ’ என்று இரண்டு குரல் தடங்கள்; எது டம்மி என்று பெயரில் தெரியாது.

‘சதுப்பு’ என்பது பள்ளிக்கரணைப் பறவைகளைப் பற்றி நான் எழுதிய பாட்டு. பிள்ளைகளுக்குச் சதுப்பு நிலத்தைச் சுற்றிக்காட்டும் ஒரு சிறு குழு கேட்டிருந்தது. மெட்டு அருமையாக அமைந்துவிட்டது. சொல் வரவில்லை. அந்த நேரத்தில்தான் வளர்மதி அக்கா மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தார்.

வளர்மதி அக்கா எங்கள் பக்கத்து வீடு. நாங்கள் திருநீர்மலைச் சாலையில் மனை வாங்கிக் குடிவந்தவர்கள். அவர்கள் அந்த ஊரின் பழைய குடும்பம். ஏர் ஓட்டிய நிலமெல்லாம் மனையாகி, இப்போது வாடகை வீடுகளும் சிமென்ட், கம்பி விற்கும் கடையும் இருக்கின்றன. அக்காவின் வீடு நிற்கும் இடம் அவருடைய அப்பா கல்யாணச் சீராகக் கொடுத்தது. இரண்டு மாடிக்கு நடுவே கைப்பிடிச் சுவர்தான். பதினெட்டு வருடம் அதில் சாய்ந்துகொண்டுதான் நாங்கள் பேசினோம்.

அன்றைக்கு எதிரே மலைக்கோயிலைக் காட்டி, “கடைசியா எப்ப அக்கா ஏறினீங்க?” என்று கேட்டேன். சும்மா கேட்டதுதான்.

“எங்க ஏர்றது? வூட்டுக்கு மூணு சாவி கீது. அவரு கையில ஒண்ணு, பசங்க ரெண்டு பேருகிட்ட ஒண்ணு ஒண்ணு. என்கிட்ட ஒண்ணும் இல்ல. நான் வெளிய போனா வூடு தொறந்து கெடக்கும். அதனால போறதே இல்ல.”

“கேக்க வேண்டியதுதானே அக்கா?”

“‘நீ எங்க போப்போற, உனக்கு எதுக்கு’ம்பாங்க. வுடு கண்ணு.”

நான் “அப்புறம்?” என்றேன். அவர் ஈரத் துணியை உதறிக்கொண்டே இன்னும் கொஞ்சம் சொன்னார். கீழே வந்து, சூடு ஆறுவதற்குள் அதை மெட்டில் போட்டுப் பாடி வைத்தேன்.

‘வூட்டுக்கு மூணு சாவி கீது,
ஒண்ணும் என்கிட்ட இல்ல.
நான் போனா கதவு தொறந்து கெடக்கும்,
நான் போறதே இல்ல.’

டம்மிதான். அதன் மேல் கிடார் சேர்ந்தது. இரண்டு வாரம் கழித்து நாரையும் நாமக்கோழியும் வந்து பறவை வரிகள் அமைந்தன. அவற்றைத் தனித் தடத்தில் பாடினேன். கடைசியில் ஒரு குரலை மூடி, மற்றதைத் திறந்து பாட்டை வெளியே எடுக்க வேண்டும். மூட வேண்டியதைத் திறந்து, திறக்க வேண்டியதை மூடிவிட்டேன். அனுப்புவதற்கு முன் கேட்கவில்லையா என்றால், கேட்டேன். முதல் பத்து நொடி கேட்டேன். அதில் வெறும் கிடார்தான் வரும். இரண்டு பாட்டுக்கும் அது ஒன்றே. முடிந்துபோன பாட்டில் என் குரலைக் கேட்க எனக்குக் கூசும். பாடுகிறவர்கள் பலருக்கும் அந்தக் கூச்சம் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை இணையத்தில் பாட்டு வெளியானது. சாயங்காலமே எனக்குத் தெரிந்துவிட்டது. பறவைக் குழுவிலிருந்து ஒருவர், “மேடம், பாட்டு பிரமாதம், ஆனா இதுல பறவை எங்க?” என்று கேட்டு எழுதியிருந்தார். போட்டுக் கேட்டேன். பறவைக்குப் பதில் சாவி பாடியது. உடனே எடுத்திருக்க வேண்டும். ‘காலையில் எடுக்கலாம்’ என்று நினைத்தேன்.

காலையில் கீழே கருத்துகள் குவிந்திருந்தன. ‘சதுப்பில் மாட்டியவள் போல ஒரு பெண், என்ன உவமை!’ என்று ஒருவர் வியந்திருந்தார். பெண்கள் அந்த நாலு வரிக்குச் சாவிக்கொத்தை ஆட்டி வீடியோ போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். முன்னால் போன பெண்ணின் கைபேசியில் என் குரல். அவளும் கூடவே பாடிக்கொண்டு போனாள். எந்தப் படம் என்று அவளை ஒருவரும் கேட்கவில்லை. இருபத்தைந்து வருடத்தில் என் பாட்டை முன்பின் தெரியாத ஒருவர் பாடிக் கேட்டது அதுவே முதல் தடவை. எனக்கு அழுகை வந்தது, சந்தோஷத்தில்தான். மூன்று நாள் நான் சந்தோஷமாக இருந்தேன். அந்த மூன்று நாளும் மொட்டைமாடிக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை அக்காவின் பெரிய மகன் சதீஷ் வந்தான். கடையைப் பார்த்துக்கொள்கிறவன், முப்பது வயது தாண்டியவன். வாசலிலேயே நின்றான்.

“அக்கா, அந்த சாவிப் பாட்டு எங்க வூடா?”

“இல்லப்பா. பொதுவா எழுதினது” என்றேன். ஸ்டீபன் சார் இருந்திருந்தால் கண்ணை மூடியிருப்பார்.

“லோடு எறக்குற ஆளுங்க பாடிக்கினு கீறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல மொதல்ல. நேத்து வூட்ல தம்பி போன்ல போட்டான். எங்கம்மா தட்ட அப்படியே வெச்சிட்டு உள்ள போச்சு. அப்பதான்...” அவன் முடிக்கவில்லை. கோபமாக வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

அப்போதே பக்கத்து வீட்டுக்குப் போனேன். அக்கா கிரில் கதவுக்கு உள்ளே நின்றார். திறக்கவில்லை.

“இன்னா உமா, இன்னும் எதுனா கேக்கணுமா?”

“தப்பு நடந்துபோச்சு அக்கா. வேற பாட்டு போக வேண்டியது. மாறிப் போயிடுச்சு.”

“மாறித்தான் போச்சு. சரி. எப்பத் தெரியும் உனக்கு?”

பொய் நாக்கு நுனிவரை வந்தது. “வெள்ளிக்கெழமையே” என்றேன்.

அவர் சத்தம் போடவே இல்லை.

“பாட்டு நல்லாத்தான் கீது. நான்கூட ரெண்டு தபா கேட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. சாவி கேக்க எனக்கு வாய் இல்லேன்னு நெனச்சுக்கினியா? சின்னவன் கல்யாணம் வருது. அப்ப கேக்கணும், எல்லாரு எதுக்கவும் கேக்கணும்னு வருசக் கணக்கா மனசுல வெச்சுக்கினு இருந்தேன். இன்னா பேசணும், எப்படிப் பேசணும்னு எல்லாம் வெச்சிருந்தேன். நீ முந்திக்கினே. இப்ப அவங்க குடுத்தாக்கூட, பாட்டுக்குப் பயந்து குடுத்ததாத்தான் ஆவும். நான் கேட்டு வாங்கினதா ஆவாது.”

ஒரு வீட்டு ரகசியத்தை வெளியே விட்டுவிட்டேன் என்று நினைத்துத்தான் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தேன். அவர் பேசக் காத்திருந்த பேச்சை நான் பேசிவிட்டேன் என்பது அங்கேதான் உறைத்தது. அவருக்கு இருந்தது அந்த ஒரு பேச்சுதான்.

“எடுத்துடறேன் அக்கா.”

“உன் இஷ்டம்” என்று உள்ளே போய்விட்டார்.

அன்றைக்கே பாட்டை எடுக்கச் சொல்லி இணையத் தளங்களுக்கு எழுதினேன். போடுவதற்கு ஒரு விரல் போதும், எடுப்பதற்கு ஒரு வாரம் பிடித்தது. எடுத்தாலும் மற்றவர்கள் போட்ட வீடியோக்கள் அப்படியேதான் இருந்தன. அந்த இடத்தில் பறவைப் பாட்டைப் போட்டேன். குழுவினர் மட்டும் கேட்டார்கள். ஏன் எடுத்தீர்கள் என்று நூறு கேள்வி. காரணம் சொன்னால் அக்காவை மறுபடியும் தெருவில் நிறுத்துவதாகும். ஏதோ கம்பெனி மிரட்டியது என்றார்கள், பாட்டே என்னுடையது இல்லை என்றார்கள். அந்தக் கடைசிப் பேச்சு எரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பெயர் வாங்கித் தந்த ஒரே பாட்டு அது. எடுத்ததற்கு நான் வருந்தவில்லை. அந்த மூன்று நாளுக்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மறு வருடம் குரல் நாணில் முடிச்சு விழுந்தது. டாக்டர் பாடக் கூடாது என்றார். பாடுவதை நிறுத்திவிட்டேன்.

அக்கா என்னோடு பேசவில்லை. சின்னவன் கல்யாணத்துக்குப் பத்திரிகை மட்டும் வந்தது, சதீஷ் கொண்டுவந்து கொடுத்தான். மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தேன். அங்கே அக்கா கேட்டாரா, என்ன கேட்டார், என்ன பதில் வந்தது, எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பது எப்படிப்பட்ட வேதனை என்று என்னைப் போன்ற ஆளைத்தான் கேட்க வேண்டும். சதீஷிடம் கேட்டிருக்கலாம், அவர்கள் வீட்டில் வேலை செய்கிற பெண்ணிடம் கேட்டிருக்கலாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

திவ்யா வந்து போனதற்கு மறுவாரம் ஒரு காலை வாசல் மணி அடித்தது. அக்கா. கட்டம் போட்ட புதுப் புடவை, தலையில் பூ. எங்கள் வாசற்படியில் காலி கேஸ் சிலிண்டர் ஒன்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார்.

“உமா, இன்னிக்கு சிலிண்டர் வருது. வாங்கி வெச்சுக்கோ. அந்தாளு கேக்குற கோடு நம்பர் இதுல எழுதிக் கீது” என்று ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

வாங்கிக்கொண்டேன். வாய்வரை நாலு கேள்வி வந்து நின்றது.

“சரிக்கா” என்றேன்.

அவர் ஒரு நொடி நின்றார். நான் கேட்பேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. பிறகு தெருவில் இறங்கி நடந்தார். எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று எட்டிப் பார்க்காமல் கதவைச் சாத்தினேன். மதியம் சிலிண்டர்காரர் வந்தார். பக்கத்து வீட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

“பூட்டிக் கீதே மேடம். அந்தம்மா எங்க போயிருக்கு?”

“தெரியலப்பா” என்றேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை.